காலண்டரில் வராத வசனங்கள்

நவம்பர் பாதியில் தொடங்கி டிசம்பர் 31 சாயங்காலம் வரைக்கும் எங்கள் அச்சகத்தில் ராத்திரி பகல் தெரியாது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு வாக்குத்தத்த அட்டைகளையும் சபைக் காலண்டர்களையும்தான் ஓட்டுவோம். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள எத்தனையோ சபைகளுக்கு நாங்கள் அட்டை அடித்திருக்கிறோம். வருஷா வருஷம் ஏதாவது ஒரு சபையாவது புலம்பல் மூன்றாம் அதிகாரத்தின் 22, 23 வசனங்களைக் கேட்கும். ஆண்டவருடைய இரக்கம் இன்னும் தீர்ந்துபோகவில்லை, ஒவ்வொரு விடியலிலும் அது புதிதாக வருகிறது, அவர் சொன்ன சொல் மாறாதவர் என்று சொல்கிற இடம். பின்னால் ஒரு சூரிய உதயம், இல்லையென்றால் பனித்துளியோடு ஒரு ரோஜா. அந்த டிசைன் எங்கள் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும்.

அந்த வசனங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று நான் முழுதாக உட்கார்ந்து வாசித்தது 2021-ல்தான். அந்த வருஷம் மே மாதம் என் மனைவி இறந்துபோனாள். கொரோனா இரண்டாம் அலை. கடைசியாக முகம் பார்க்க விடவில்லை. அடக்க ஆராதனைக்கு வந்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத எனக்குத் திராணி இல்லை.

அச்சகம் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் கல்யாணங்கள் வீட்டுக்குள் நடந்தன. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பப் பழகிய ஜனங்கள் அதற்குப் பிறகு பழைய எண்ணிக்கையில் அச்சடிக்கத் திரும்பவே இல்லை. மெஷின் மேல் கடன், பேப்பர் கடையில் பாக்கி, அவளுடைய நகைகள் அடகில். அவள் போன அடுத்த வருஷம் ஆஃப்செட் மெஷினை, கட்டிங் மெஷினை எல்லாம் விற்றோம். வந்த பணம் கடனில் பாதியைக்கூட மூடவில்லை. அப்பா டிரெடில் மெஷினில் தொடங்கின தொழில் என் கையில் முடிந்தது.

இந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அன்பினால்தான் வந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "கவலைப்படாதீங்க அண்ணாச்சி, யோபுக்குக் கொடுத்தமாதிரி ஆண்டவர் இரட்டிப்பாத் தருவார்."

யோபுவின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆடு, ஒட்டகம், எருது, கழுதை எல்லாம் இரண்டு மடங்காகத்தான் வந்தன. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் மறுபடி பிறந்தார்கள். ஆனால் முதல் அதிகாரத்தில் வீடு இடிந்து செத்துப்போன பத்துப் பிள்ளைகள்? அவர்கள் செத்தவர்கள்தான். பின்னால் பிறந்தவர்கள் வேறு பிள்ளைகள். இதை யோபு மறந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. துக்க வீட்டில் 'இரட்டிப்பு' என்று சொல்கிறவர்கள் அந்தப் பத்துப் பேரை எண்ணிப் பார்ப்பதில்லை. தேவனுடைய உண்மைத்தன்மையை இழந்ததெல்லாம் திரும்பி வருவதை வைத்துத்தான் அளக்க வேண்டுமென்றால், என் வீட்டில் அவர் உண்மையுள்ளவர் இல்லை. அப்படி ஒரு முடிவுக்குப் பக்கத்தில் நான் போய் நின்றதுண்டு. அங்கேதான் புலம்பல் புத்தகம் எனக்குத் துணைக்கு வந்தது.

ஐந்தே அதிகாரம். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்து, ஆலயத்தைக் கொளுத்தி, ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன பிறகு எழுந்த பாடல்கள். எரேமியா பாடினது என்பது நம்முடைய பாரம்பரியம். புத்தகத்துக்குள் அவர் பெயர் கிடையாது. ஆனால் எரேமியாவின் வாழ்க்கையை நினைத்தால் அந்தப் பாரம்பரியம் ஏன் வந்தது என்று புரிகிறது. ஏறக்குறைய நாற்பது வருஷம் ஊழியம் செய்தார், கேட்டவர்கள் யார்? பாருக்கை வைத்து எழுதின சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். கல்யாணம் வேண்டாமென்று ஆண்டவர் சொல்லிவிட்டார். சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள். கடைசியில் போகவேண்டாம் என்று அவர் கதறின எகிப்துக்கே அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சபை அறிக்கையில் போடத்தக்க வெற்றி ஒன்றுகூட இல்லாத ஊழியம்.

அந்தப் பாடல்கள் கட்டப்பட்டிருக்கிற விதத்தைக் கவனித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எபிரெய எழுத்துகள் 22. முதல் இரண்டு அதிகாரங்களிலும் நாலாம் அதிகாரத்திலும் ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. ஔவையாரின் ஆத்திசூடியை அகர வரிசையில் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் இருக்கின்றன, ஆனால் எழுத்து வரிசை அங்கே அறுந்துபோகிறது. அழுது அழுது வரிசையைப் பிடித்துக்கொள்ளப் பலமில்லாமல் போயிற்று என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். வேத பண்டிதர்கள் வேறு காரணம் சொல்லலாம். துக்கத்தில் இருக்கிறவனுக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

சரி, அந்த நம்பிக்கை வசனங்கள் எங்கே இருக்கின்றன? புத்தகத்தின் முடிவில் இல்லை. நட்ட நடுவில் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரம் தொடங்கும்போது அந்த மனிதன் தேவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் நம் சபையில் சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவர் பதுங்கியிருக்கிற கரடி என்கிறான், சிங்கம் என்கிறான். என்னை இலக்காக நிறுத்தி அம்பு எய்தார் என்கிறான். நான் கூப்பிட்டுக் கதறினாலும் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்கிறான். பருக்கைக் கல்லால் பல்லை நொறுக்கினார் என்கிறான். இவ்வளவும் சொல்லிவிட்டு 21-ஆம் வசனத்தில் ஒரு காரியத்தை மனதில் கொண்டுவருகிறான். அதனால் நம்பிக்கை கொள்கிறேன் என்கிறான். அதற்கு அடுத்ததுதான் நம் காலண்டர் வசனம்.

20-க்கும் 21-க்கும் இடையில் வெளியில் என்ன மாறிற்று? ஒன்றுமே மாறவில்லை. ஆலயம் கரியாகவே கிடக்கிறது. சிறைபோனவர்கள் திரும்பவில்லை. பிள்ளைகள் அப்பம் கேட்டு அழுகிறார்கள். ஒரு நல்ல செய்தியும் வந்து சேரவில்லை. எரிந்த ஊரின் நடுவில் இருந்துகொண்டு தேவன் எப்படிப்பட்டவர் என்பதை அவன் நினைத்துப் பார்க்கிறான், அவ்வளவுதான். நினைத்துப் பார்த்ததும் கண்ணீர் நின்றுவிடவும் இல்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் கண்ணிலிருந்து தண்ணீர் ஆறாக ஓடுகிறது. நாலாம் அதிகாரத்தில் முன்னிலும் கொடுமையான காட்சிகள். ஐந்தாம் அதிகாரத்தில் குடிக்கிற தண்ணீரைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை. எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற பயத்தில் புத்தகம் முடிகிறது. பதில் இல்லை. யூதர்கள் ஆலயம் அழிந்த நாளை நினைத்து உபவாசம் இருந்து இதை வாசிக்கும்போது, கடைசி வசனத்தோடு நிறுத்த மனம் வராமல் அதற்கு முந்தின ஜெப வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்து முடிப்பார்கள். அவ்வளவு கனமான முடிவு அது.

இதை வாசித்தபோது என் மேல் இருந்த ஒரு பாரம் இறங்கிற்று. அதுவரைக்கும் விசுவாசம் வந்துவிட்டால் அழுகை போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலையில் ஜெபித்துத் தேறி, சாயங்காலம் அவளுடைய மூக்குக் கண்ணாடியைப் பார்த்து உடைந்துபோனால், காலையில் வந்தது உண்மையான விசுவாசம்தானா என்று சந்தேகப்படுவேன். வேதமே அப்படி வரிசை போடவில்லை. நம்பிக்கை நடுவில் வந்தது, அதற்குப் பிறகும் அழுதார்கள், அந்த அழுகையும் வேதமாகிவிட்டது.

இன்னொருவர் கதையும் எனக்கு அந்தக் காலத்தில் கைகொடுத்தது. அச்சுத் தொழில்காரன் என்பதால் அவர் பெயர் எனக்கு முன்பே பழக்கம்: யோகான் பிலிப் ஃபப்ரிசியுஸ் ஐயர். 1711-ல் ஜெர்மனியில் பிறந்து, 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் வாழ்நாளைக் கழித்தவர். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது மிஷன் வேலை குலைந்து பழவேற்காட்டுக்கு ஓடினார். திரும்பி வந்து கட்டினதை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையெடுப்பில் கொள்ளை கொடுத்துவிட்டு மறுபடி பழவேற்காட்டுக்கு ஓடினார். 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியில் கைப்பற்றின ஒரு அச்சு இயந்திரம் அவரிடம் வந்தது. சர்க்கார் வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரியில் அது ஓடத் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அச்சு வரலாற்றில் அது பெரிய சம்பவம். அங்கேதான் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-ல் அச்சேறியது. 1779-ல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி வந்தது. ஞானப்பாட்டுகளையும் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தார்.

இதெல்லாம் சபை வரலாற்றில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லாமல் தாண்டிப் போகிற பகுதி ஒன்று உண்டு. மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்தார். வாங்கினவர்கள் திருப்பித் தரவில்லை. பணத்தை ஒப்படைத்தவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. முதுமையில், வேதத்தை நமக்குத் தமிழில் தந்த அந்த மனிதர், கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். 1788-ல் கெரிக்கே ஐயர் வந்து வேப்பேரி ஊழியத்தை ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில் ஃபப்ரிசியுஸ் இறந்துபோனார். அவருடைய பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சேறி, அவர் மரணத்துக்குப் பிறகுதான் முழுமை பெற்றது.

கடன்காரன் வாசலில் வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். போன் அடித்தால் வயிற்றில் ஒரு சுருக் வரும். தெருவில் எதிரே வருகிறவர் கடன் கொடுத்தவராக இருந்தால் கால் தானாகப் பக்கத்துச் சந்துக்குத் திரும்பும். கோவிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்தவன் பின் பெஞ்சுக்குப் போவான். ஒரு ஐயருக்கு அது எப்படி இருந்திருக்கும்? பிரசங்கம் கேட்டவர்களே அவரிடம் பணம் போட்டவர்கள் அல்லவா? எந்தச் சாக்கும் சொல்லி இதை மூடக் கூடாது. ஏழைகள் பணம் போனது போனதுதான், அது பெரிய துன்பம். அவருக்கு இரட்டிப்பும் வரவில்லை. நல்ல பெயர் திரும்பி வந்ததைக் கண்ணாரக் காணாமலே போனார்.

ஆனால் அவர் மொழிபெயர்ப்பு நின்றது. லுத்தரன் சபைகள் அதைத் தலைமுறை தலைமுறையாக வைத்துப் போற்றின. வேறொரு ஊரிலும் அது அச்சேறியது. 1812 மார்ச் 11 ராத்திரி வங்காளத்தின் செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரியின் அச்சகம் தீப்பிடித்து எரிந்தது. டன் கணக்கில் எழுத்துகள் உருகிப்போயின, காகிதம் சாம்பலாயிற்று, கேரி வருஷக்கணக்கில் உழைத்த பன்மொழி அகராதியின் கைப்பிரதி போயிற்று. எழுத்து வார்க்கும் அச்சுகள் மட்டும் இடிபாட்டில் தப்பிக் கிடைத்தன. அதை வைத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். அந்த அச்சகத்திலிருந்து 1813-ல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு ஃபப்ரிசியுஸ் ஐயருடையது. கேரியின் அந்த அகராதி மட்டும் திரும்பி வரவே இல்லை. 1871-ல் பவர் ஐயர் தலைமையில் திருத்தி வெளியிட்டு இன்றைக்கும் நம் கோவில்களில் வாசிக்கிற பழைய திருப்புதலுக்கும் ஃபப்ரிசியுஸ் போட்ட அடித்தளம்தான் ஆதாரம். நான் அச்சடித்த காலண்டர் வசனத்துக்குப் பின்னால் கடனுக்குச் சிறைபோன ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பது பல வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: அது நமக்குப் பிரயோஜனம், அவருக்கு என்ன? நியாயமான கேள்வி. அவர் உள்ளத்தில் என்ன நடந்தது என்று நான் கற்பனை செய்து எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அவர் தோற்றுப்போன பிறகும் தேவன் அவருடைய வேலையைத் தூக்கி எறியவில்லை. மனிதர்கள் அவர் கணக்கை முடித்து மூடின இடத்தில் தேவன் மூடவில்லை. என் கணக்கையும் அவர் மூடவில்லை என்று நம்புவதற்கு எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

என் வீட்டில் அந்த உண்மைத்தன்மை எப்படி வந்தது என்றால், பெரிய அற்புதமாக வரவில்லை. எங்கள் மெஷின்மேன் அண்ணாச்சி, தனக்கே சம்பள பாக்கி இருக்கும்போது, மெஷினை லாரியில் ஏற்றின அன்று கூடவே நின்று, போல்ட் ஒன்றுகூடத் தொலையாமல் கழற்றிக் கொடுத்தார். பேப்பர் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். மாதாமாதம் முடிந்ததைக் கொடுங்க தம்பி, கணக்கை நான் எழுதிக்கிறேன் என்று சொல்லி, வட்டி என்ற சொல்லையே எடுக்கவில்லை. என் அத்தை, பெற்ற மகளைப் பறிகொடுத்தவள், எனக்கும் என் மகளுக்கும் காலைச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வசனமும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்து போவாள். இந்த மூன்று பேரையும் அனுப்பினவர் யார் என்று எனக்குத் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தது. நாளைக்கு உள்ளது இன்றைக்கு வந்ததே இல்லை.

இப்போது வேறொருவர் அச்சகத்தில் டிடிபி வேலையும் புரூஃப் பார்ப்பதும். கடன் இன்னும் இருக்கிறது, குறைந்திருக்கிறது. நகைகளில் அவளுடைய தாலிச் சங்கிலியை மட்டும் மீட்டாயிற்று. போன வருஷ டிசம்பரில் ஒரு சபையிலிருந்து அதே வசனத்தோடு அட்டை வேண்டுமென்று வந்தார்கள். சூரிய உதயம் வேண்டாம், வெறும் எழுத்து மட்டும் போடலாமா என்று கேட்டேன். ஐயர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். யோபுவின் இரட்டிப்பைக் கொண்டுபோகாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். முடிந்தால் அடுத்த மாதமும் போங்கள், எல்லோரும் போவதை நிறுத்தின பிறகு போங்கள். அவர்கள் தேவனிடம் கோபமாகப் பேசினால் வாயை மூடச் சொல்லாதீர்கள், புலம்பலில் அதைவிடக் கடுமையான பேச்சு இருக்கிறது. சபைப் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை: வருஷத்தில் ஒரு ஆராதனையிலாவது, லெந்து நாட்களில் வைத்தாலும் சரி, புலம்பல் ஐந்து அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்க வையுங்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்கட்டும்.

இழப்பிலும் தோல்வியிலும் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர் நீங்கள் என்றால், மூன்றாம் அதிகாரத்தின் நடுவிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். உங்களுக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் எழுதுங்கள், நானும் என் மகளும் ஜெபிக்கிறோம்.